ஒரு நாளைக்கு ஒரு எஞ்சின்

இரண்டு எஞ்சின் இருந்தால் விமானம் இரண்டு மடங்கு பத்திரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே மடையன், ஒரே நாளில், ஒரே மாதிரி கெடுத்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த மடையன் நான்தான். அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருடங்கள். மலாயாவில், ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் நான் ஃபிட்டர். அதற்கு முன்னால் ஈப்போவில் ஈயச் சுரங்கத்துப் பட்டறையில் எஞ்சின் வேலை பழகியிருந்தேன். அந்தச் சமயம், கடற்கரையை மேலிருந்து படம் பிடித்து வரைபடம் போடுவதற்காக லூமுட்டில் ஒரு விமானம் வந்து இறங்கியது. தரையில் இறங்கும் விமானம் இல்லை, தண்ணீரில் இறங்குவது. அடியில் படகு, அதற்கு மேல் இரண்டு அடுக்கு இறக்கை, இறக்கைகளுக்கு நடுவில் இரண்டு எஞ்சின். அதைக் கவனிக்க ஒரே ஒரு வெள்ளைக்கார மெக்கானிக் கூட வந்திருந்தான். இன்னொரு கை வேண்டுமென்று விமானம் ஓட்டும் துரை எங்கள் தோட்டத் துரையிடம் கேட்க, அவர் என்னை அனுப்பி வைத்தார்.

மெக்கானிக்குச் செம்பட்டைத் தலை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவனாகத்தான் இருப்பான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. விமானம் கரையிலிருந்து தள்ளி ஆற்றில் மிதந்துகொண்டிருக்கும். கீழ் இறக்கையின் மேல் ஏறி நின்றுதான் எஞ்சினைத் தொட முடியும். அவன் ஒவ்வொரு ஸ்பானருக்கும் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். எனக்கும் ஒரு கயிறு நீட்டினான். ஆட்டுக்குட்டியா நான், கட்டிப் போட? வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரத்தில் அவனுடைய நல்ல ஸ்பானர் ஒன்று என் கையிலிருந்து நழுவி ஆற்றுக்குள் போய்விட்டது. அவன் திட்டவில்லை. அதே கயிற்றை மறுபடி நீட்டினான். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றேன். பறந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் ஒரு வாரத்தில் போல்ட்டெல்லாம் துருப் பூத்துவிடும். பெட்ரோலை டின்னிலிருந்து நேரே ஊற்றக் கூடாது, மெல்லிய தோல் போட்டு வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அப்போதுதான் பெட்ரோலில் கலந்த தண்ணீர் தோலிலேயே தங்கும். அந்த வேலைக்கென்றே எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். டின்னை மெதுவாகச் சாய்த்து, புகையிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் வடிகட்டுவார். பேசவே மாட்டார்.

ஒரு நாள் விமானத் துரை என்னையும் மேலே கூட்டிப் போனார். நல்ல உயரத்துக்குப் போனதும் வேண்டுமென்றே ஒரு எஞ்சினை அடக்கிக் காட்டினார். ஐயோ, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன்! விமானத்தின் மூக்கு, செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பத் திரும்ப இழுத்தது. அதை நேராக வைக்க துரை ஒரு காலால் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் அந்தக் கால் நடுங்குவதைப் பார்த்தேன். அப்படியும் விமானம் மெல்ல மெல்லக் கீழேதான் போனது. மிச்சம் இருக்கிற எஞ்சின் நம்மைத் தூக்கிக்கொண்டு போகாது, எங்கே இறங்கலாம் என்று பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். அதை அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

செம்பட்டைத் தலையனின் சட்டங்களில் எனக்கு எரிச்சல் மூட்டியது ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு ஒரு எஞ்சின். வலது எஞ்சினில் கை வைத்தால் அன்றைக்கு இடது எஞ்சினைத் தொடக் கூடாது. வலதைப் பிரித்துப் பூட்டி, ஒரு தடவை பறந்து திரும்பி வந்த பிறகுதான் இடது. அதுவும் வலதில் நான் செய்த வேலையை இடதில் அவன் செய்வான். பாதி நாள் வெயில் மிச்சமிருக்கும், வேலை பாக்கி இருக்கும், இவன் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிடுவான். வெள்ளைக்காரச் சோம்பேறித்தனம் என்று என் மனைவியிடம் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவன் மலேரியா காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் போன நாலாம் நாள் பெட்ரோல் குழாய் இணைப்புகள் கசிய ஆரம்பித்தன. உள்ளே இருந்த கார்க் வாஷர்கள் காய்ந்து பொடிந்துவிட்டன. புதியவை பினாங்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். மழை விலகி வானம் பளிச்சென்று இருந்தது, படம் பிடிக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. துரை கரையில் முன்னும் பின்னும் நடந்தார்.

"லெகாஸ், லெகாஸ்" என்று என்னை விரட்டினார். சீக்கிரம், சீக்கிரம் என்று மலாயில்.

எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ரப்பர், ஜன்னல் ஆடினால் ரப்பர், கட்டில் கால் தேய்ந்தால் ரப்பர். ஆலையில் உருளை இயந்திரத்துத் தண்ணீர் இணைப்பு எல்லாவற்றிலும் நான் வெட்டிப் போட்ட ஷீட் ரப்பர் வாஷர்தான், வருடக்கணக்கில் சொட்டு ஒழுகியதில்லை. நல்ல ஷீட்டாக ஒன்று எடுத்து வந்து, கத்தியால் அழகாக வட்டம் வட்டமாக வெட்டினேன். வலது எஞ்சினின் குழாய்களுக்குப் போட்டேன். பொழுது இன்னும் இருந்தது. சட்டம் போட்டவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். இடது எஞ்சினுக்கும் போட்டேன். இரண்டையும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

"பாகுஸ்!" பிரமாதம் என்று துரை என் முதுகில் தட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் பறக்கும்போது முன்னால் உட்கார்ந்து, இறங்கியதும் விமானத்தைக் கட்டிப் போடக் கயிறு பிடிக்க ஒரு ஆள் தேவை. மெக்கானிக் இல்லாததால் நான் போக வேண்டும். என் மனைவியின் தம்பி ஆயர் தாவாரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். விமானம் வந்த நாளிலிருந்து என்னை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒரே ஒரு வாட்டிலா. செத்தா மேல போறது இருக்கட்டும், உசுரோட போய்ப் பாத்துட்டு வாரேன்."

எனக்குப் பதிலாக அவன் போகட்டுமா என்று துரையிடம் கேட்டேன். தலையாட்டிவிட்டார். என் மனைவிதான் முகத்தைச் சுருக்கினாள். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்.

"அவனுக்கு நீச்சல் தெரியாதுங்க."

"மேல பறக்கப் போறான், நீஞ்சவா போறான்? நான் பாத்து முடுக்கின எஞ்சின். பயப்படாத" என்றேன்.

காலையில் அவன் விமானத்துக்குப் போனான், நான் அவன் கடையைப் பார்த்துக்கொள்ளப் போனேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்றுதான் நினைவு. சிறிது நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு எஞ்சின்களின் சத்தம் வந்தது. கடைக்கு வந்த சீனர் ஒருவர் பஞ்சரான சைக்கிளைச் சாய்த்து வைத்தார். ட்யூபை வெளியே எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, தேய்த்து வைத்துவிட்டு, பசை டின்னைத் திறந்தேன்.

பெட்ரோல் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே பழுப்பாக, தேன் பதத்தில் பசை. அதைச் செய்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஷீட் ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்ரோலில் ஊறப் போட்டால், மறுநாள் ஊதிக் கரைந்து இப்படி ஆகிவிடும். போன வாரம் அந்த டின்னுக்கு ரப்பர் வெட்டிக் கொடுத்ததே நான்தான்! கையில் கத்தி ஒன்றுதான், ஷீட் ஒன்றுதான். ஆனால் இங்கே வெட்டும்போது அது பசை, அங்கே வெட்டும்போது அது வாஷர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

விரலில் ஒட்டிய பசையோடு எழுந்து வாசலுக்கு ஓடினேன். வானத்தில் இரண்டு சத்தமும் கேட்டது. வாடகைக்கு நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு லூமுட் பாதையில் மிதித்தேன். சீனர் பின்னால் நின்று கத்தினார். கடையைப் பூட்டவில்லை. போய் என்ன செய்வேன் என்பதும் தெரியவில்லை. பாதி வழியில் சத்தம் மாறியது. சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தேன். ஒரே எஞ்சின். முருகா, அது மட்டும் நிற்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் இருமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் மரத்து இலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

லூமுட் கரையில் உச்சி வெயில் வரை நின்றேன். என் மனைவியின் முகம்தான் கண் முன்னால். அவளிடம் என்னவென்று சொல்வேன்? உன் தம்பியை நான்தான் கொன்றேன் என்றா? அழுதேன். கரையில் நின்ற மீனவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். கடைசியில் கடல் பக்கமிருந்து ஒரு மீன்பிடிப் படகு மெல்ல வந்தது. அதன் பின்னால் கயிற்றில் விமானம். இறக்கையின் மேல் இடுப்பு வரை நனைந்து என் மைத்துனன் உட்கார்ந்திருந்தான், கையை வேறு ஆட்டினான். அலை குறைவாக இருந்ததால் துரை கடலிலேயே இறக்கிவிட்டார்.

துரை கரைக்கு வந்ததும் வடிகட்டிகளைக் கழற்றச் சொன்னார். இரண்டிலும் பழுப்புப் பிசுபிசுப்பு அடைத்திருந்தது. அழுக்குப் பெட்ரோல் என்று முடிவு கட்டி, டின் ஊற்றும் அண்ணனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். வடிகட்டாமல் ஊற்றினாயா, போ, இந்த நிமிஷமே போ என்று. அந்த மனிதர் தோலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

என் மைத்துனன் ஒரு வடிகட்டியைத் தொட்டு, விரலில் உருட்டி, மோந்து பார்த்தான். அவன் தொழிலே அதுதானே. என்னைப் பார்த்தான். பிறகு என் பக்கம் வந்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான், இது நம்ம கடை சாமான். நான் சொல்ல மாட்டேன்."

அவன் சொல்ல மாட்டான். டின் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. துரைக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. அந்த ஆசை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் டின் அண்ணன் தோலை மடித்து, ஒழுங்காக ஓரம் சேர்த்து, பெட்டியின் மேல் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அவர் மடித்த விதத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"துரை, அவரு இல்ல. நான்தான். ரப்பர் வாஷர் போட்டேன்."

"எதில்?"

"ரெண்டுலயும்."

"ஒரே நாளிலா?"

"ஆமா."

துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, இனி நீ கை வைத்த விமானத்தில் உனக்குப் பதிலாக யாரும் ஏறக் கூடாது, நீயே ஏறு என்றார். நான் ஓடிப் போய் டின் அண்ணனின் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, புகையிலையைத் துப்பிவிட்டு மறுபடி டின்னைச் சாய்த்தார். செம்பட்டைத் தலையன் ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்ததும், ஊதிப் போன என் வாஷர் ஒன்றைக் கம்பியில் கோத்துக் கருவிப்பெட்டி மூடியின் உட்புறம் தொங்கவிட்டான். அந்த வேலை முடியும் வரை, பெட்டியைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டவன் வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்கு மைத்துனனே முந்திக்கொண்டு, "எஞ்சின் சூடாயிருச்சுக்கா, சும்மா கடல்ல இறக்கினாங்க, நல்லா ஜாலியா இருந்துச்சு" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தான். அவள் ரசம் ஊற்றினாள். அந்தப் பொய்யை அவன் சாகும் வரை காப்பாற்றினான். அவன் போய் எட்டு வருடம் ஆகிறது. அவன் சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் ஒரே நாளில் என்னிடம் கொடுத்ததில்லை என்பதைத் தவிர, ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை.

இதை எழுதி முடித்து, இன்று காலை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடம் கழித்துத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க உங்க தட்டுல கை வைக்கல. அவன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

"அவன்தான் வந்துட்டானே" என்றாள். "வராம இருந்திருந்தா கேட்டிருப்பேன்."