கழுவக் கூடாத கல்

என் கைப்பையில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், ஓட்டை ஓட்டையான கல். டயாலிசிஸ் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அதைத் தடவிக்கொண்டே இருக்கிறேன். உள்ளே படுத்திருப்பவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மச்சான்.

கீழக்கரையில் கல்யாணம் முடித்து மராத்தி பேசும் ஊரான கோந்த்வாவுக்கு நான் வந்த முதல் வருடம் அது. மச்சானுக்குக் கேம்ப் கடைத்தெருவில் மீன்தொட்டிக் கடை. வீட்டுக் கூடத்தில் தனக்கென்று ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். அதில் இரண்டே ஆரஞ்சு மீன்கள். அவருடைய மறைந்த மனைவி ஆசைப்பட்டு வாங்கியவை. நோன்பு வருகிறதென்றால் எங்கள் பக்கத்தில் வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவுவோம். புது மருமகள் சும்மா இருக்கலாமா? ஜன்னல், ஃபேன், சட்டி பானை எல்லாம் முடித்துத் தொட்டியிலும் கைவைத்தேன். பாசி பிடித்த கற்களை வெளியே எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெள்ளைவெளேரென்று திரும்ப அடுக்கினேன். அப்படியொரு பெருமை எனக்கு. கடலோரத்தில் பிறந்தவளாம், கடலுக்குள் என்ன நடக்கிறதென்று ஒரு மண்ணும் தெரியாது.

மூன்றாம் நாள் மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மச்சான் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து சோதனை மருந்தைச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையானது. "யாரு கல்லத் தொட்டா?" என்றார். என் மாமியார் என்னைப் பார்த்தார். வேலைக்காரம்மா மேல் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நான்தான் மச்சான். கழுவிட்டேன்."

அவர், "அந்தக் கல்லுலதாம்மா உயிரு இருந்துச்சு" என்றார். மீனின் கழிவு மீனுக்கே விஷமாம். கல்லின் ஓட்டைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த விஷத்தைப் பாசிக்கு உரமாக்குமாம். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். "கடல்லயும் இதே கததான். செத்ததெல்லாம் அடியில போயி மக்கும். காத்து அடிச்சா அடித்தண்ணி மேல வரும். வெயிலு பட்டு அங்க பாசி தழைக்கும், மறுபடி தீனி. சாஃப்ஸஃபாய், இந்தச் சுத்தம் பண்றதெல்லாம் வீட்டுக்குத்தாம்மா, கடலுக்கு இல்ல." அப்புறம் வாளியை என் கையில் கொடுத்தார். "கல்லு திரும்ப உயிர் பிடிக்கிற வரைக்கும் அது வேலைய நாம பாக்கணும்."

அந்த நோன்பு மாதம் முழுக்க உப்புக் கரைத்துத் தண்ணீர் மாற்றினோம். ஒவ்வொரு விடியலிலும் கூடத்துக்குள் வரவே எனக்குப் பயம். பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. சமையலறைக்குள் போய் அழுதேன்.

இப்போது டாக்டர், "கழிவு ரத்தத்திலேயே தங்கிப்போகுது" என்று சொன்னபோது வேறு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு பயம். கல் ஒரு மாதத்தில் மீண்டது. சிறுநீரகம் மீளாது என்கிறார்கள்.

எல்லோரும் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்ததில் தொட்டியை யாரும் பார்க்கவில்லை. நானும்தான். போன வாரம் இரண்டு மீன்களும் மிதந்தன. தொட்டியைக் காலி செய்து ஒரு கல்லை மட்டும் எடுத்து வைத்தேன்.

இன்று அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். கைகள் சில்லென்றிருந்தன. நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"தண்ணி மாத்துனியாம்மா?"

"மாத்திட்டேன் மச்சான்."

"ரெண்டும் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றேன். அன்று உண்மையைச் சொன்ன அதே வாய். பைக்குள் கை விட்டேன். கல் காய்ந்து கிடந்தது.