கார்ட்டன் கட்ட வாங்கிய நீலக் கயிறு

போன வாரம் அலமாரியின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு நீல நைலான் கயிறு என் தலையில் விழுந்தது. "இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க" என்றாள் மனைவி. மோந்து பார்த்தேன். தைல வாசனை இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் வளைகுடாவிலிருந்து லீவில் ஊருக்குப் போகிறவன் இந்தக் கயிறு இல்லாமல் விமானம் ஏறமாட்டான். பால் பவுடர், தைலம், சோப்பு, கம்பளி எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் திணித்து, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, மேலே ஊர்ப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினால்தான் அது கார்ட்டன். துபாயில் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் யார் ஊருக்குப் போனாலும் முடிச்சுப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும் என்று பீற்றிக்கொள்வேன். பீற்றிக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பொய் சொல்கிறேன், இன்னொன்று இருந்தது. ஊரில் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டியவன் நான். அது எப்படியோ தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் காதுக்குப் போய், விழா என்றால் ஸ்பீக்கர் கட்ட வெள்ளிக்கிழமை காலையிலேயே என்னை வரச் சொல்லிவிடுவார். கழுத்தில் 'வாலன்டியர்' அட்டை மாட்டிவிடுவார்கள். கேம்புக்குத் திரும்பியும் படுக்கும்வரை அதைக் கழற்றமாட்டேன். அறைத் தோழன் மாரிமுத்து, "ஆபீசரு வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்கடா" என்பான்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு பொங்கல் விழா. அல் குசைஸில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. அந்த வருடம் பாட வந்தவர் பாக்கியம்மா. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேத்தி. துபாயில் வேலை பார்த்த மகன் வீட்டுக்கு வந்திருந்தார். மைக் சரிபார்க்க மத்தியானமே வந்துவிட்டார். பருத்திப் புடவை, முழங்காலில் பட்டை, தமிழ் கொஞ்சமே கொஞ்சம். ஆளில்லாத அரங்கில் இரண்டு வரி பாடினார். தாய் சொல்லித் தந்த தாலாட்டாம். நான் கையில் ஒயரோடு அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ கல்யாண வீட்டில் எத்தனையோ பேருக்கு மைக் பிடித்திருக்கிறேன், அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

டீ குடித்தபடி பேசினார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். கட்டட வேலை சைட்டில் நான் கற்ற இங்கிலீஷுக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அவர் நாட்டில் நிறம் பார்த்து ஆட்களைப் பிரித்து உட்காரவைப்பார்களாம். வெள்ளைக்காரனுக்கு முன்னால் நாற்காலி, மற்றவர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் தரை. அப்படிப் பிரித்த கூட்டத்துக்குப் பாடமாட்டோம் என்று இவரும் சிநேகிதர்களும் முடிவெடுத்தார்கள். போலீஸ் வந்தது. திரும்பி வரவே கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டு அனுப்பினார்கள். லண்டனில் குளிர் பிடித்த சர்ச் கூடங்களில் பாடி, ஜெயிலில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பினார்கள். மற்ற நாட்டுப் பாடகர்களின் வாசலில் போய் நின்று, தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பாடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். கூட டிரம்பெட் வாசித்தவர் ஊரைப் பார்க்காமலேயே லண்டனில் செத்துப்போனார். "அம்மா செத்தது போன்ல கேட்டேன்" என்றார் தமிழில். பிறகு, பாடுவது எங்களுக்குப் பாதி வேலைதான், பாடமாட்டேன் என்று சொல்வது மீதி வேலை என்றார். நான் "ஆமா மேடம்" என்று தலையாட்டினேன்.

அவர் ஓய்வெடுக்க உள்ளே போனதும் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "ஃபேமிலிஸ் நிறைய வர்றாங்கப்பா. கேம்ப் பஸ்ஸும் வந்துட்டு இருக்கு. பேச்சிலர்ஸைப் பின்னாடி நிறுத்தணும். கயிறு ஏதாவது இருக்கா?" கல்ஃபில் நாலு பிள்ளை பெற்றவனும் பேச்சிலர்தான், தெரியுமில்லையா? பெண்டாட்டி ஊரில் இருந்தால் போதும். என் பையில் கயிறு இருந்தது. அடுத்த மாதம் எனக்கு லீவு. வருகிற வழியில்தான் பர் துபாயில் வாங்கியிருந்தேன். தூணுக்குத் தூண் இழுத்து என் முடிச்சைப் போட்டேன். அந்தம்மா சொன்ன கதை முடிந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. எனக்கு உறைக்கவே இல்லை.

முன்னால் நாற்காலிகள் நிறைந்தன. கயிற்றுக்குப் பின்னால் பாயில் எங்கள் ஆட்கள், குளித்து, சென்ட் அடித்து, இருந்ததில் நல்ல சட்டை போட்டு. பாக்கியம்மா மேடையேறி மைக்கைப் பிடித்தவர், அப்படியே நிமிர்ந்து பார்த்தார். கயிறு எதற்கு என்று கேட்டார். செயலாளர் காதருகில் ஏதோ சொன்னார். பாக்கியம்மா மாட்டேன் என்று தலையை அசைத்தார். கயிற்றை எடுத்தால் பாடுகிறேன் என்றார்.

"ஹால்காரன் புரோகிராமையே நிறுத்திடுவான் மேடம்" என்றார் செயலாளர். அது நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அப்போ அவங்க சொல்லட்டும்" என்று பாக்கியம்மா மைக்கோடு கீழே இறங்கி, நொண்டி நொண்டிக் கயிற்றுவரை வந்தார். எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கயிறு வேணுமா?"

எல்லோரும் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். அவிழ்க்கச் சொன்னால் அடுத்த வருடம் பஸ் வராது. கம்பெனிக்குச் சேதி போனால் விசா என்னாகும்? பிரியாணிப் பொட்டலம் வேறு காத்திருக்கிறது. இதெல்லாம் இப்போது நான் கண்டுபிடிக்கிற காரணங்களோ என்னவோ. கயிற்றுக்கு முன்னால் அட்டையோடு நின்றிருந்த நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "பரவாயில்ல மேடம். எங்களுக்கு இதுவே வசதி. நீங்க பாடுங்க." உடனே பின்னாலிருந்தும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று குரல்கள் கிளம்பின. சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அவர் மைக்கை அணைத்து, பத்திரமாக என் கையில் கொடுத்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து, முழங்கால் வலியில் முகம் சுளித்து, அந்தப் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் ஆட்கள் மரியாதையாக விலகி, அவரைச் சுற்றி இடம் விட்டார்கள். ஒரு பாயே காலியாகிவிட்டது. கயிறு போதாதென்று நாங்களே ஒரு வட்டம் போட்டோம். முன்னால் குழந்தைகள் சிடி பாட்டுக்கு ஆடினார்கள். விழா முடியும்வரை அவர் தனியாக அங்கேயே இருந்தார். பாடவில்லை.

பஸ்ஸில் மாரிமுத்து கொதித்தான். "என்னா திமிரு பாத்தியா? ரெண்டு பாட்டுப் பாடுனா என்னா கொறஞ்சா போயிடும்?"

"வயசாயிடுச்சிடா. தொண்ட போயிருக்கும். சும்மா சாக்கு சொல்லுது" என்றேன் நான். அந்தக் குரலைக் கேட்டிருந்த ஒரே ஆள் அந்த பஸ்ஸில் நான்தான். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அவரை அப்புறம் பார்க்கவில்லை. மகன் வேலை மாறி எங்கோ போய்விட்டார் என்றார்கள். அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவும் போய் சனி, ஞாயிறு வந்துவிட்டது. கார்ட்டன் கட்டுகிற ஆளும் குறைந்துபோனான். நானும் சூப்பர்வைசராகி, ஃபேமிலி விசா எடுத்து, குசைஸிலேயே வீடு பிடித்துவிட்டேன். பிள்ளைகள் இங்கிலீஷில்தான் சண்டை போடுகிறார்கள்.

இந்த வருடப் பொங்கல் விழா ஹோட்டலில் நடந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "அப்பா, யாரைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி. பிள்ளைகள் வந்ததிலிருந்து அவளுக்கும் நான் அப்பாதான். சுவர்வரைக்கும் நாற்காலி, சுவர்வரைக்கும் குடும்பங்கள். கயிறு எங்கும் இல்லை. கட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பக்கம் உட்கார யாரையும் கூப்பிடவில்லை. கேம்ப் பஸ் இனிமேல் வேண்டாம் என்று சங்கத்துக் கமிட்டியில் பேசியபோது நானும் இருந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒரு காலத்தில் அந்த பஸ்ஸில் வந்தவன் என்பதால்.

"பரவாயில்ல" என்றேன்.