வேப்பிலைக் கிரீடமும் பத்தடி நெருப்பும்

போன வாரம் நிஜமாகவே பயந்துபோனேன். செமஸ்டர் ரிசல்ட் பயமெல்லாம் இதற்கு முன்னால் தூசு!

கணபதியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு லாட்வியாக் குடும்பம் குடியிருக்கிறது. மில்லில் மெஷின் மாட்ட வந்த யானிஸ், அவர் மனைவி இல்ஸே. லாட்வியா எங்கே என்று கேட்கிறீர்களா? சோவியத் உடைந்தபோது தனியாகப் போன குட்டி நாடு. நானே அட்லஸில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஜூன் மாதம் அவர்களுக்குப் பெரிய பண்டிகையாம். தலையில் இலைக் கிரீடம் வைத்து, பாட்டுப் பாடி, நெருப்பு மூட்டி, புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து அதைத் தாண்டுவார்களாம். கை விடாமல் தாண்டினால் பிரிவே வராதாம்.

"மொட்டை மாடியில் மூட்டலாமா?" என்றார் யானிஸ். அப்பா அலறிப்போய், எல்லோரையும் ஆனைமலைப் பக்கம் இருக்கும் மாமா தோப்புக்கு அனுப்பிவிட்டார். மொழிபெயர்க்க யார்? நான்தான்!

அவர்கள் ஊரில் ஓக் இலையாம். ஆனைமலையில் ஓக்குக்கு எங்கே போவது? கைக்கு எட்டிய வேப்பிலையில் கிரீடம் கட்டிக்கொண்டார் இல்ஸே. மாமா விறகை அடுக்கி மூட்டினார். விருந்தாளிகளுக்குக் கிணறு, மோட்டார் ரூம் எல்லாம் காட்டிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தால்...

கொழுந்து விட்ட நெருப்பைக் காணோம். நீள மூங்கிலால் தட்டித் தட்டி, பத்தடிக்குத் தணலைப் பரப்பி வைத்திருந்தார் மாமா. பக்கத்துத் தோப்பு ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது!

"என்ன மாமா இது?"

"தீ மிதிக்கிற குண்டம், கண்ணு. வேப்பல கட்டியிருக்குறாங்க, நெருப்பு வேணும்னாங்க. அவிய ஊர்லயும் பூ மிதிப்பாங்களாட்ட இருக்குது!"

"மாமா... அவங்க மிதிக்கறவங்க இல்ல. தாண்டறவங்க!"

அதற்குள் ஊர் மரியாதை என்று நினைத்து, யானிஸும் இல்ஸேவும் ஷூவைக் கழற்றியாயிற்று. கையும் கோத்தாயிற்று. ஓடிவருவதற்காகப் பின்னால் நடக்கிறார்கள். பத்தடியை எவன் தாண்டுவான்? நடுவில் விழுந்தால்? யானிஸ் வயிற்றில் பீர் வேறு. இல்ஸேவின் பாவாடை தரையைத் தொடுகிறது. காற்று ஊத ஊதத் தணல் இன்னும் சிவக்கிறது.

குறுக்கே ஓடிப்போய்க் கையை விரித்து நின்றேன்.

"ஸ்டாப்! இது நடக்கிற நெருப்பு. விரதம் இல்லாமல் கூடவே கூடாது!"

யானிஸ் நின்றுவிட்டார். இல்ஸே மட்டும் கையை விடவில்லை. "அடுத்த மாதம் நான் மட்டும் ஊருக்குத் திரும்புகிறேன். இவர் இங்கே. தாண்டாமல் போக எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அட... பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேனே!

மாமாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்தார். "இதுக்குப் போயி ஏனுங்க அம்மணி மூஞ்சி வாடுறீங்க? ஒதுக்கிக் குடுத்தாப் போச்சு!"

தணலை ஒற்றை வரப்பு அகலத்துக்குக் கூட்டிக் குவித்தார். மேலே நாலு சுள்ளி. அத்தை ஒரு குடம் தண்ணீரை இல்ஸேவின் பாவாடையில் ஊற்றி, முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிவிட்டார்.

ஓடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொப்பென்று ஒரு சத்தம்... போச்சு!

திறந்து பார்த்தால், அந்தப் பக்கம் மண்ணில் இரண்டு பேரும் விழுந்து கிடக்கிறார்கள். இல்ஸே அழுகிறார், சிரிக்கிறார். கிரீடம் கழன்று எங்கேயோ போய்விட்டது. கை மட்டும் விடவில்லை.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தையிடம் கையை நீட்டினார். "ஏம்புள்ள, நாமளும் ஒருக்கா தாண்டுவமா?"

அத்தை யார் தெரியுமா? வருஷா வருஷம் குண்டத்தில் வெறுங்கையால் தணலை அள்ளுகிறவர். அவர் நாலடி பின்னால் போனார்.

"அய்யோ சாமி! இத்தன சனம் பாக்க உங்க கையப் புடிக்கோணுமா? என்னால ஆவாதுங்க!"

அன்றைக்கு அந்தத் தோப்பில் என்னைவிடப் பயந்த ஒரே ஆள் அவர்தான்!