பிலோமினா கட்டாத குடில்

பிலோமினா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியது ஒரு தொண்டு அமைப்பு. அவருடைய படத்துக்குப் பின்னால், நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில் ஒன்று நின்றது. 'எங்கள் குடில்களின் தாய்' என்று கீழே எழுதியிருந்தார்கள். துக்கம் வருவதற்கு முன்பே எனக்கு முகம் சுளித்தது. அவரை அறிந்த உங்களில் பலருக்குக் காரணம் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், காரைக்கால் பக்கம் போலகத்தில் தன் வீட்டுக் கொல்லையில் அவர் குறைந்த செலவில் ஒரு குடில் கட்டினார். வளைத்த பிளாஸ்டிக் குழாய்கள். ஐப்பசி மழை நாற்றுகளை அடித்துவிடாமல் இருக்க மேலே மட்டும் தாள். பக்கங்களுக்கு, காரைக்கால்மேட்டில் மீனவர்கள் கழித்துப்போட்ட பழைய மீன்வலை; ஆடு நுழையாது, காற்று நுழையும். புயல் எச்சரிக்கை வந்தால் தாளை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். கட்டுவதற்கு முன் ஒரு வாரம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். "வெயில் எங்க வந்து உக்காருதுன்னு பாத்துட்டுத்தான் சார் குழாய் வாங்கணும்" என்பார்.

அந்த அமைப்பின் செயலாளர் அவரிடம் அளவுகளை வாங்கிப் போய், ஊரில் பல வீடுகளுக்குக் குடில் போட்டுக் கொடுத்தார். வலையை விட்டுவிட்டு நான்கு பக்கமும் தாள் அடித்தார். ஏனென்று பிலோமினா கேட்டதற்கு வந்த பதில்: "மூடுனாத்தாம்மா கிரீன்ஹவுஸ். வலை கட்டுனா போட்டோவுல கோழிக்கூடு மாதிரி இருக்கும்."

திறப்பு விழா காலை எட்டு மணிக்கு நடந்தது. நான் செய்தியாளனாகப் போனேன், நாளிதழில் பாராட்டி எழுதினேன். பிலோமினா போன் செய்தார்.

"சார், உள்ள போய் நின்னீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப எதைப் பாத்து எழுதுனீங்க, ரிப்பனையா?"

அந்த வாரமே ஒரு நாள், உச்சி வெயிலில், அவருக்கு அடுத்த வீட்டு ஹமீதாவின் குடிலுக்குள் என்னை நிறுத்தினார். என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மறைத்தது. தக்காளி நாற்றுகள் கொதிநீர் ஊற்றியதுபோல் தொங்கின. "இட்லிப் பானைக்கே ஆவி போக ஓட்டை வக்கிறோம். இவனுங்களுக்கு அந்த புத்திகூட இல்ல" என்றார் பிலோமினா. வெளியே நின்ற ஹமீதா, "சாரை எறக்கிடுங்கக்கா, வெந்துட்டாரு" என்றார்.

தாளைக் கிழித்தால் அடுத்த உதவி கிடையாது என்று அமைப்பு பெண்களை மிரட்டியிருந்தது. பிலோமினா கத்தரிக்கோலை எடுத்து ஹமீதாவின் குடிலில் நான்கு பக்கத்தையும் வெட்டினார். "யார் கேட்டாலும் நாந்தான் வெட்டுனேன்னு சொல்லு." மற்ற வீட்டார் பயந்து அவரை வெட்ட விடவில்லை, அவர்களுடைய நாற்றுகள் கருகின. அதன்பின் அவரைக் கலகக்காரி என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அதே செயலாளர்தான். என் திருத்தச் செய்தி உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. அதற்குமேல் இடம் கேட்டு நான் சண்டை போடவில்லை.

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவர் பெயரில் ஒரு நினைவுக் குடில் கட்டி முடித்துவிட்டதாக அறிவித்தார். படத்தைக் காட்டினார். நான்கு பக்கமும் தாள்.

ஹமீதா எழுந்தார். "அக்கா பேரை அதுல ஒட்டாதீங்க. ஒட்டித்தான் ஆகணும்னா பக்கத்தைத் தொறந்துவிடுங்க."

"பலகை எழுதியாச்சும்மா. இப்பப் போயி..."

"செத்தவங்க வந்து கத்தரிக்கோல் எடுக்கமாட்டாங்கன்னு தைரியமா?"

கூட்டம் காபித் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

பலகை மாட்டியாகிவிட்டது. ஆகவே இது அச்சில் இருக்கட்டும்: அந்தக் குடில் பிலோமினாவுடையது அல்ல. அதைக் கட்டியவர்களிடம் அவர் கடைசிவரை பக்கங்களை மூட வேண்டாம் என்றே சொன்னார்.

மோசமான வேலையைப் பார்த்தால் அவருக்கு முகம் சுளிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் சுளிக்கும். இத்தனை வருடச் செய்தி வேலையில் எனக்கு அது எப்போதோ நின்றுபோயிருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சுளிப்பைத்தான். கண்ணாடி முன் நின்றால் அது முதலில் சுளிப்பது, ரிப்பனைப் பார்த்து எழுதிய என் முகத்தைப் பார்த்துத்தான்.