ஆந்தை வீடு ஸ்டாப்

எங்கள் வீடு நாரணாபுரத்தில் ரோட்டின் மேலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் மினிபஸ். ஒரு வருஷம் வெண்டிலேட்டர் ஓட்டையில் ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் பறந்ததும் தாயும் போய்விட்டது. அப்பா அன்றைக்கே சிமெண்டு குழைத்து ஓட்டையை அடைத்தார். அதற்குள் மினிபஸ் கண்டக்டர், "ஆந்தை வீடெல்லாம் எறங்கு!" என்று கத்திப் பழகியிருந்தார். ஆந்தை போனது, பெயர் போகவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் அந்தச் சத்தத்தோடுதான் இறங்கினார்கள். எங்கள் பக்கம் பாதிப்பேருக்குப் பட்டாசுக் கம்பெனி வேலை. காலையில் போனவர் முழுசாகத் திரும்ப வேண்டுமே என்று பூனை குறுக்கே போனால்கூட நின்று போகிறவர்கள். ஆந்தை அடைந்த வீட்டில் பெண் எடுப்பார்களா? காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வரனுக்கு அப்பா உஷாரானார். "ஸ்கூல் ஸ்டாப்புலயே எறங்கிக்கிடுங்க, நான் வந்து கூட்டியாறேன்" என்று போனில் சொல்லி, வெயிலில் நடத்தியே கூட்டிவந்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்கத்தா ஆர்டருக்கு அடித்த காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். தாமரையில் லட்சுமி, காலடியில் வெள்ளை ஆந்தை. அப்பா அதை நடுவீட்டில் மாட்டி, யாரும் கேட்காமலே, "கல்கத்தாப் பக்கம் ஆந்தை லட்சுமிக்கு வாகனமாம்ல" என்று ஆரம்பித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். முழு விஷயமும் வெளியே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் தணிவாகச் சொன்னார்: "அது அவுக ஊருல மதினி. நம்ம பக்கம் ஆந்தை ஆந்தைதேன்."

வீட்டை விற்கலாம் என்றால், வாங்க வருகிறவரும் அந்த ஸ்டாப்பில்தானே இறங்க வேண்டும். நான் கொஞ்ச நாள் ஸ்கூல் ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, மிச்சத்தை நடந்து பார்த்தேன். "ஏந்தாயி நடக்க? ஒங்க வாசல்லயே நிக்குமே" என்று கண்டக்டர் பிரியமாகத்தான் கேட்டார். அப்பா அடைத்த ஓட்டைக்குள் என்னையும் வைத்துப் பூசிவிட்டது போல மூச்சு முட்டியது.

இந்த ஆவணியில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தது. என்னைவிடச் சின்னவள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்ததால் தப்பித்தவள். பத்திரிகை எங்கள் பிரஸ்ஸில்தான். அவள் அப்பா கைப்பட எழுதிய தாள் என் மேஜைக்கு வந்தது. கடைசி வரி: "வீட்டு வாசலில் பந்தல். இறங்குமிடம்: ஆந்தை வீடு ஸ்டாப்."

ஸ்கூல் ஸ்டாப் என்று மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வெளியூர்ச் சனம் வெயிலில் அலையும். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆந்தை வீடு என்றே அடித்தேன். எழுத்து பொடியாகத் தெரிந்தது. வயசானவர்கள் படிக்க வேண்டுமே என்று கொஞ்சம் பெரிசாக்கினேன்.

சாயங்காலம் புரூஃப் பார்க்க அவள் அப்பா வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக, கடைசிவரை படித்தார்.

"ஒரு தப்புகூட இல்ல, தாயி" என்றார்.