தாளித்த லென்ஸ்

லென்ஸுக்குள் தேங்காய் எண்ணெய் விட்ட ஒரே அறிவாளி நானாகத்தான் இருப்பேன். அப்பாவின் பழைய கேமரா லென்ஸில், வெளிச்சத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் தகடுகள் சிக்கிக்கொண்டன. கதவுக் கீலுக்குச் செய்கிற வைத்தியத்தையே அதற்கும் செய்தேன். எண்ணெய்தான் அவற்றுக்குச் சத்துரு என்று யார் கண்டது? கொஞ்சநஞ்சம் இருந்த அசைவும் நின்றுபோயிற்று. சர்ச்சில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு அப்பா படம் எடுத்தது அந்த லென்ஸில்தான். ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் புதுநன்மை. அதே லென்ஸில் எடுப்பேன் என்று வீட்டில் சவால் வேறு விட்டிருந்தேன்.

பிரேசர் டவுனில் லென்ஸ் பழுதுபார்க்கும் ஓர் அம்மாளிடம் ஓடினேன். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. எதையும் பிரிக்கும் முன் முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம்.

“என்னப்பா, தாளிச்சு எடுத்துட்டு வந்திருக்கே?” மறுபடி முகர்ந்தார். “அடியில மூக்குப்பொடி வாசனையும் வருதே.”

“அது அப்பாவோடது, ஆன்ட்டி.”

“சரி, ஸ்வல்ப உக்காரு.”

தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவித் துடைத்து, திரும்பக் கோத்துக் கொடுத்தார். வளையத்தைத் திருப்பினேன், கண் சிமிட்டுவதுபோல் விரிந்து சுருங்கின. சந்தோஷத்தில் நானும் முகர்ந்தேன். வெறும் பெட்ரோல்.

“அப்பா வாசனை போயிடுச்சே, ஆன்ட்டி?”

“போட்டோ எடுக்கணுமா, மோந்து பாக்கணுமா?”