தையல் மெஷின் எண்ணெய்

லண்டனில் துப்பாக்கிக் கடையொன்றில், என் முதல் துப்பாக்கியைத் தெரிவுசெய்ய அம்மாவுடன் நின்றபோது, குழலில் பூசியிருந்த எண்ணெய் மணம் என்னைக் குரோய்டனில் இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் ஏழாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே அம்மாவின் தையல் மெஷின் நின்றது. சனிக்கிழமைதோறும் அவர் அதற்கு எண்ணெய் விட, என் பள்ளிச் சட்டை வரைக்கும் அந்த மணம் ஏறிவிடும். நவம்பர் மாலைகளில் வெளியே வாணம் வெடிக்கத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் கேட்ட சத்தங்களைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்காத அம்மா, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தைக்க எதுவும் இல்லாவிட்டாலும் பழைய துணியொன்றை வைத்து, வெடி ஓயும்வரை மெஷினை ஓட்டிக்கொண்டே இருப்பார். நான் அந்தத் தடதடப்பின் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டையும் அங்கேதான் பழகினேன். ஆனாலும் அம்மா வேண்டாம் என்றால் வாங்குவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தேன்.

கடைக்காரர் எடுத்துவைத்த இரண்டில் ஒன்றைத் தோளில் வைத்தேன். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அம்மா என் முழங்கையைப் பார்த்தார்.

"நீளம் காணாது, பிள்ளை. கழுத்தைக் கோணுறாய். மற்றதை எடு."

மற்றது தோளில் சரியாகப் பொருந்தியது.

"அப்ப வாங்கலாமோ, அம்மா?"

"ஓம், வாங்கு. சுடுற நேரம் மட்டும் என்னைக் கூப்பிடாதை. எனக்குத் தையல் வேலை கிடக்கு."